அதிர்வும் அடக்கமும்



வரலாறு என்றவுடன் எங்கள் வாசுதேவநல்லூர்ப் பிள்ளைகளின் நினைவுக்கு முதலில் வருபவர் பூலித்தேவர். அவருடைய நெற்கட்டுஞ்செவல் எங்கள் ஊருக்கு அருகிலேயே உள்ளது. எங்கள் ஊரிலும் அவர் காலத்தில் மண்கோட்டை ஒன்று இருந்தது. யூசுப்கான் ஒருமுறை அதனை முற்றுகையிட்டு, பிடிக்க இயலாமல் திரும்பினார். இத்தகைய செய்திகளை நாம் போற்றிப் படிக்கிறோம்; படிக்கவும் வேண்டும். ஆயினும், கோட்டைக்கு வரலாறு இருப்பதைப் போலவே குடத்துக்கும் வரலாறு உண்டு. படைக்கலத்துக்கு இருப்பதைப் போலவே இசைக்கருவிக்கும் வரலாறு உண்டு. பெயர் எழுதி வைக்கப்படாத கைவினைஞர் பலர் சேர்ந்து இயற்றிய வரலாறு அது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மாணவர் பலரிடம் இப்போது மடிக்கணினி இருக்கிறது. அதில் பாடம் கேட்கும்போது ஒலி மெல்லியதாகவும் கரகரப்பாகவும் இருக்கிறதென்று குறைகூறாதவர் இல்லை. சைக்கிள் டியூபின் துண்டு, சிறிது மெத்துநாடா, இறுக்கப்பட்ட ஒரு திருகாணி ஆகிய எளிய பொருள்களால் அக்குறையைப் பெரும்பாலும் போக்கலாம். இது ஏதோ புதிய தந்திரம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். உண்மையில் இது நம் வீட்டு அடுக்களையிலும் கோவில் கொடையிலும் கச்சேரி மேடையிலும் நெடுங்காலமாக இருந்து வரும் ஓர் அறிவின் புதிய பிரயோகமே ஆகும். நல்ல ஒலியை உண்டாக்குவதில் பாதி வேலை, ஒலிக்க வேண்டியதை ஒலிக்கச் செய்வது. மற்றொரு பாதி, ஒலிக்க வேண்டாததை அடக்கி வைப்பது. இந்த இரண்டாம் பாதியின் வரலாற்றையே இன்று உங்களோடு சேர்ந்து நோக்க விரும்புகிறேன்.

முதலில் அடுக்களைக்குச் செல்வோம். ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கரண்டியால் தட்டினால் அது நெடுநேரம் கணகணவென்று ஒலிக்கும். ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் விளிம்பில் விரலை வைத்தால் ஒலி உடனே நின்றுவிடும். விரல் என்ன செய்தது? பாத்திரத்தின் சுவர் முன்னும் பின்னுமாக அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வின் ஆற்றலை மென்மையான சதை வாங்கிக்கொண்டு, மிக மிகச் சிறிய அளவு வெப்பமாக மாற்றிவிட்டது. இவ்வாறு ஆற்றல் குறைந்துகொண்டே போய் ஓய்கின்ற அதிர்வைப் பௌதிக நூல்கள் ‘தடையுறு அலைவு’ என்று கூறுகின்றன. தேர்வுக்காக நீங்கள் மனப்பாடம் செய்யும் அச்சொல்லின் பொருள் உங்கள் விரல் நுனியிலேயே இருக்கிறது.

பிரிமணையை இன்றைய பிள்ளைகள் பலர் பார்த்திருக்கமாட்டார்கள். வைக்கோலையோ நாரையோ பிரியாகத் திரித்து வளையமாகச் சுற்றிய பொருள் அது. உருண்டையான அடியுடைய மண்பானை சாயாமல் நிற்பதற்காக அதன்மேல் வைப்பார்கள். சாயாமல் தாங்குவதோடு அது மற்றொரு பணியையும் செய்கிறது. பானைக்கும் தரைக்கும் இடையில் ஒரு மெத்தை போல நின்று, தரையின் அதிர்ச்சி பானைக்கும், பானையின் அதிர்ச்சி தரைக்கும் செல்லாதபடி தடுக்கிறது.

இதே பிரிமணை எங்கள் நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டு மேடையிலும் ஏறியிருக்கிறது. அம்மன் கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நீண்ட வில்லைக் குடத்தோடு சேர்த்துக் கட்டி, வீசுகோலால் நாணைத் தட்டும்போது மணிகள் குலுங்கும். குடம் அந்த அதிர்வை வாங்கிப் பெருக்கித் தரும். அந்தக் குடத்தை வெறுந்தரையில் வைத்தால் அது ஆடும். தரையோடு மோதிக் கடகடவென்று வேறோர் ஓசையையும் எழுப்பும். பிரிமணைமேல் அமர்ந்த குடமோ தன் நாதத்தை மட்டும் தரும். குடத்தின் நாதத்தை வளர்ப்பதும் தரையின் இரைச்சலை ஒழிப்பதும் தனித்தனி வேலைகள் என்பதை அந்தக் கலைஞர்கள் எந்த நூலையும் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

அடுத்து மிருதங்கத்தை நோக்குவோம். ஒலியை அடக்கியாளும் கலையில் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு உலகில் அரிது. இழுத்துக் கட்டிய வெறுந்தோலைத் தட்டினால் ஒரே ஒலி பிறப்பதில்லை. பல ஒலிகள் ஒருங்கே பிறக்கின்றன. ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படை ஒலியும், அதைப்போல் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்ணுடைய மேலொலிகளும் ஒழுங்காக எழும். அவை காதுக்கு இனியவை. வெறுந்தோலில் எழும் மேலொலிகளோ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், இரு மடங்குக்குச் சற்று மேல் என்று கணக்கில் அடங்காமல் சிதறி நிற்கும். ஆகையால், வெறுந்தோல் முழங்குமே ஒழிய, சுருதியோடு சேர்ந்து ஒலிக்காது.

நம் நாட்டுக் கைவினைஞர்கள் இந்தக் குறைக்குக் கண்ட மருந்து வியப்புக்குரியது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் கரிய வட்டம் ஒன்றைக் காண்கிறீர்கள் அல்லவா? சோற்றையும் கிட்டக்கல்லின் தூளையும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய படலம் படலமாகத் தடவி, ஒவ்வொரு படலத்தையும் கல்லால் தேய்த்து உலர்த்தி உருவாக்கியது அது. அதன் பாரம் தோலின் நடுப்பகுதியை அடக்கி, சிதறிக் கிடந்த மேலொலிகளை ஒழுங்குபடுத்துகிறது. தொப்பி எனப்படும் இடப்புறத்திலோ, கச்சேரிக்கு முன் ரவையை நீர்விட்டுப் பிசைந்து அப்பிக்கொள்கிறார்கள். கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். அந்த ஈரமாவு தோலின் சுருதியைத் தாழ்த்துகிறது. வேண்டாத கூர்மையை உறிஞ்சிக்கொள்கிறது. எவ்வளவு மாவு வேண்டும் என்பதற்கு அளவுகோல் கிடையாது. தட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, சிறிது கூட்டியும் சிறிது குறைத்தும் வித்துவான் அதனை முடிவு செய்கிறார்.

இந்தக் கரிய வட்டத்தின் மறையை விஞ்ஞான உலகுக்கு எடுத்துரைத்தவர் நம் சர் சி. வி. இராமன். 1888ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவரை ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்காக 1930ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவராகவே நாம் பெரிதும் அறிவோம். ஆனால், அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர் ஒலியை ஆராய்ந்தவர். கல்கத்தாவில் பணியாற்றிய காலத்தில், சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 1920ஆம் ஆண்டு ‘நேச்சர்’ என்னும் ஆங்கில விஞ்ஞான இதழில் இந்தியத் தோற்கருவிகளைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டார். 1934ஆம் ஆண்டில் அதனை விரித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்.

அவர் மேற்கொண்ட முறைகளில் ஒன்று, அதிரும் தோலின்மேல் நுண்மணலைத் தூவுவது. தோல் எங்கெங்கு துள்ளுகிறதோ அங்கிருந்தெல்லாம் மணல் விலகும். எங்கு அசையாமல் நிற்கிறதோ அங்கே சென்று சேரும். இதனால் கண்ணுக்குப் புலப்படாத அதிர்வு ஒரு கோலமாகக் கண்முன் தோன்றும். இவ்வழியை ஜெர்மன் தேசத்து அறிஞர் கிளாட்னி உலோகத் தகடுகளில் செய்து காட்டி 1787ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டிருந்தார். இராமன் அவ்வழியை நம் மத்தளங்களின்மேல் பிரயோகித்தார். தோலில் எழும் ஒன்பது வகை அதிர்வுகள், கரிய வட்டத்தின் பாரத்தால் ஐந்து ஒழுங்கான சுருதிகளாகக் கூடிவிடுகின்றன என்று அவர் கண்டார். பிற்பாடு 1954ஆம் ஆண்டில் ராமகிருஷ்ணா, சோந்தி என்னும் இருவர் இதற்குரிய கணிதத்தை வகுத்துத் தந்தார்கள். செவி ஒன்றையே கருவியாகக் கொண்டு தோல்வினைஞர்கள் கண்ட உண்மையைக் கணித நூல் சென்று எட்டுவதற்கு எத்தனை காலம் பிடித்தது, பாருங்கள்!

இனி, இயந்திர ஒலியின் வரலாற்றுக்கு வருவோம். கோவில் திருவிழாவில் உயரத்தில் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தொடக்க கால ரேடியோப் பெட்டிகளிலும் அத்தகைய கூம்பே இருந்தது. அது உரத்துப் பேசும். ஆனால், எவர் பேசினாலும் அந்தக் கூம்பின் குரலும் கூடவே கலந்து வரும். 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் புதிய அமைப்பொன்றை விளக்கி எழுதினார்கள். காந்தத்தின் இடையே ஒரு சிறு கம்பிச்சுருள். அச்சுருளோடு இணைந்த காகிதக் கூம்பு. அதனைச் சுற்றி ஒரு பலகை. இவ்வளவுதான் அதன் உறுப்புகள். மின்னோட்டம் மாறுவதற்கேற்பச் சுருள் முன்னும் பின்னும் அசைய, காகிதமும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. இன்று உங்கள் மடிக்கணினிக்குள் இருக்கும் சிறு ஒலிபெருக்கியும் அந்த வமிசத்தைச் சேர்ந்ததே.

சுற்றிலும் பலகை எதற்கு என்று கேட்பீர்கள். காகிதம் முன்னால் காற்றை அழுத்தும்போது பின்னால் காற்று தளர்கிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். தாழ்ந்த ஒலிகள் இவ்வாறு பெரிதும் அழிந்துபோகும். பலகை அந்தச் சேர்க்கையைத் தடுக்கிறது. பலகையை மடக்கிப் பெட்டியாக்கினால் ரேடியோப் பெட்டி ஆயிற்று.

சென்னையில் 1924ஆம் ஆண்டில் மாகாண ரேடியோக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1930ஆம் ஆண்டு முதல் சென்னை நகராண்மைக் கழகம் அப்பணியை ஏற்று நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டிலும், திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டிலும், நம் திருநெல்வேலி நிலையம் 1963ஆம் ஆண்டிலும் தோன்றின. அக்காலத்து வால்வு ரேடியோக்கள் மரப்பெட்டியில் வந்தவை. இரும்புத் தகட்டைத் தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும். மரப்பலகையைத் தட்டினால் ‘டொக்’ என்று ஒலித்து உடனே ஓய்ந்துவிடும். மரம் தன் நார்களுக்குள்ளேயே அதிர்வைத் தணித்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால்தான் அந்தப் பழைய பெட்டிகளிலிருந்து வந்த குரல், பேசுபவர் அறையிலேயே அமர்ந்திருப்பது போன்ற நிறைவோடு இருந்தது. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. பெட்டி கைக்கு அடங்கியது. மரம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. வயலுக்கும் வண்டிக்கும் வானொலியைக் கொண்டுசென்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால், பெட்டி சுருங்கச் சுருங்க ஒலியும் மெலிந்தது.

பெட்டியின் சுவரைத் தடிப்பாகவும் கெட்டியாகவும் செய்துவிட்டால் போதாதா என்று தோன்றலாம். 1970களில் இங்கிலாந்தின் பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்தின் ஆய்வுத் துறையில் ஹார்வுட் என்பவரும் அவருடைய தோழர்களும் இதற்கு மாறான விடையைக் கண்டார்கள். கெட்டியான சுவரும் அதிரத்தான் செய்யும். அதன் அதிர்வெண் உயர்ந்துவிடும். அவ்வாறு உயர்ந்த அதிர்வெண், நம் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியிலே போய் விழும். எனவே, அவர்கள் மெல்லிய ஒட்டுப்பலகையால் பெட்டி செய்து, அதன் உட்புறத்தில் தார் ஊறிய கம்பளித் தகடுகளை ஒட்டினார்கள். மெல்லிய சுவரின் அதிர்வு தாழ்ந்த பகுதிக்கு இறங்கியது. ஒட்டிய தகடு அதனையும் உறிஞ்சிக்கொண்டது. ஒலிபரப்பு நிலையங்களில் அறிவிப்பாளரின் குரலைச் சோதித்துக் கேட்பதற்கு இப்பெட்டிகள் பயன்பட்டன. மிருதங்கத்தின் தொப்பியில் ரவை அப்புவதற்கும் இதற்கும் உள்ள உறவை நீங்களே உணர்வீர்கள்.

இப்போது மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பட்டணத்து வசதி எதுவும் இல்லாத வீடுகளுக்குள்ளும் அது கணினியைக் கொண்டுவந்து சேர்த்தது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வித் தொலைக்காட்சியின் வழியாகவும், மேல்நிலை மாணவர்களின் மடிக்கணினிகளில் பதிவுசெய்து தரப்பட்ட காணொளிகளின் வழியாகவும் பாடங்கள் நடந்தன. ஆசிரியரின் முகத்தையும் உதட்டசைவையும் நேரில் கண்டு கேட்ட பாடம், ஒரு சிறு பெட்டியின் ஓரத்திலிருந்து வரும் குரலாக மாறிற்று. அந்தக் குரல் தெளிவாக இல்லாவிட்டால் பாடமும் தெளிவாக இராது. ஒலியின் தெளிவு இங்கே இசை இன்பத்தை மட்டும் பொறுத்ததன்று; கல்வியையே பொறுத்தது.

எந்தக் குறையால் தெளிவு கெடுகிறது என்பதை ஆராய்வோம். பேச்சில் உயிரெழுத்துக்கள் ஆற்றல் மிக்கவை; பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் நிற்பவை. ஒரு சொல்லை மற்றொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துக்களின் நுண்மைகள், பெரும்பாலும் விநாடிக்கு 1000 முதல் 4000 வரையிலான அதிர்வெண்களில் இருக்கின்றன. அவை மெலிந்தவை. லகர ளகர ழகரங்களின் வேறுபாடு அத்தகையது. மடிக்கணினியின் மெல்லிய பிளாஸ்டிக் மூடி, ஒலிபெருக்கியின் அதிர்வுக்கு இசைந்து தானும் அதிரத் தொடங்கினால், அதனை ‘ஒத்ததிர்வு’ என்கிறோம். தளர்ந்த திருகாணியும் ஆடும் விசையும் அதனோடு சேர்ந்து ‘கிர்ர்’ என்று ஒலிக்கும். அந்த இரைச்சல் மெலிந்த மெய்யெழுத்துக்களின்மேல் போர்வையைப் போலப் படர்ந்துவிடும். வேலைக்கும் வேளைக்கும் வேறுபாடு தெரியாமல் போகும்; வாலையும் வாளையும் வாழையும் ஒன்றாகிவிடும். ஒலியின் அளவை மேலும் கூட்டினால் குரலோடு இரைச்சலும் கூடுமே அன்றித் தெளிவு பிறக்காது.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியப் பணி செய்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். பள்ளிகள் மூடியிருந்த அந்நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் பாடத்தில் ஐயம் கேட்க என்னிடம் வருவதுண்டு. ஒரு மாணவி தன் அண்ணனுடைய பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். தமிழ்ப் பாடத்தைக் கேட்டு அவள் எழுதியிருந்த குறிப்பில் ழகரமெல்லாம் ளகரமாகவே இருந்தன. “ஐயா, அப்படித்தான் கேட்கிறது” என்றாள். வீட்டில் அதனை இரும்பு டிரங்குப் பெட்டியின்மேல் வைத்துக் கேட்பது அவள் வழக்கம். டிரங்குப் பெட்டியே ஒரு முரசு அன்றோ? மடிக்கணினியின் அதிர்வு முழுவதையும் வாங்கி அதுவும் அதிர்ந்திருக்கிறது. நாங்கள் அதனைத் தேக்கு மேசைக்கு மாற்றினோம். சைக்கிள் டியூபிலிருந்து சதுரமாக வெட்டிய நான்கு துண்டுகளை அதன் நான்கு மூலைகளுக்கும் அடியில் வைத்தோம். பின்பு அவளையே மூடியின்மேல் விரலால் ஒவ்வோரிடமாக அழுத்திப் பார்க்கச் சொன்னேன். இடப்பக்க ஓரத்தில் அழுத்தியபோது இரைச்சல் நின்றது. அவ்விடத்துக்கு நேர்கீழே ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. அதனை இறுக்கினோம். செலவு ஒரு காசும் இல்லை. அதன்பின் அவள் குறிப்பேட்டில் ழகரம் ழகரமாகவே வந்தது.

இனி, நீங்கள் செய்யத்தக்க முறைகளை ஒழுங்காகக் கூறுகிறேன். முதலாவது, இடத்தைத் தேர்ந்தெடுப்பது. மடிக்கணினியைப் படுக்கையின்மேலோ தலையணையின்மேலோ வைக்க வேண்டா. துணி, உயர்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். காற்றுத் துளைகளை அடைத்துக் கணினியைச் சூடேற்றவும் செய்யும். தகரத்தின்மேலும் வைக்க வேண்டா. கனமான மரமேசையே சிறந்தது. பல மடிக்கணினிகளில் ஒலிபெருக்கி கீழ்நோக்கியே அமைந்திருக்கிறது. கெட்டியான மேசைப்பரப்பு அந்த ஒலியை எதிரொளித்துக் கேட்பவர் பக்கம் திருப்பும். கால்களுக்கு அடியில் இடும் இரப்பர்த் துண்டுகள், அதிர்வு மேசைக்குள் இறங்காமல் தடுக்கும். இது நம் பிரிமணையின் வேலை.

இரண்டாவது, குறையுள்ள இடத்தைக் கண்டுபிடிப்பது. தாழ்ந்த குரலில் பேசும் ஒருவரின் உரையை மிதமான அளவில் ஒலிக்கவிட்டு, விரல் நுனிகளை மூடியின்மேல் மெதுவாக நகர்த்துங்கள். எங்கே அதிர்வு மிகுதியாகத் தெரிகிறதோ, எங்கே அழுத்தினால் கரகரப்பு நிற்கிறதோ, அதுவே மருந்து வேண்டிய இடம். கிளாட்னி மணலால் கண்டதை நீங்கள் விரலால் காண்கிறீர்கள். கணினியின்மேல் மணலையோ மாவையோ தூவிப் பார்க்கும் ஆசை வேண்டா. அது விசைகளின் இடுக்கில் புகுந்து கேடு செய்யும்.

மூன்றாவது, வெளிப்புறத் திருகாணிகளை அளவாக இறுக்குவதும், ஒலித்துளைகளில் படிந்த தூசியை மென்மையான தூரிகையால் துடைப்பதும் ஆகும். பெரும்பாலான குறைகள் இவ்வளவிலேயே தீர்ந்துவிடும்.

நான்காவது, உட்புறத்தில் அதிர்வைத் தணிப்பது. இதனைப் பழுதுபார்க்கும் தொழில் அறிந்தவர் உடனிருக்கும்போதே செய்ய வேண்டும். மின்னிணைப்பை நீக்கி, மின்கலத்தின் இணைப்பையும் கழற்றிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். அதிர்வு மிகுந்த இடத்தில், மூடியின் உட்பக்கத்தில், விரல்நுனியளவு மெத்துநாடாவோ மெல்லிய இரப்பரோ ஒட்டினால் போதும். மூடி முழுவதும் ஒட்டத் தேவையில்லை. தகட்டின் நடுவே அதிர்வு மிகுதி. ஆகவே, அங்கு ஒட்டும் சிறு துண்டே பெரும்பயன் தரும். மிருதங்கத்தின் கரிய வட்டமும் நடுவில்தானே இருக்கிறது? ஒலிபெருக்கியின் அசையும் தகட்டைத் தொடக் கூடாது. விசிறியையும் காற்று வழியையும் மறைக்கக் கூடாது. மின்கலத்தின்மேல் எதனையும் ஒட்டி அழுத்தக் கூடாது. மின்சாரம் கடத்தும் உலோகத்தாள் வேண்டா. வெப்பத்தில் இளகும் தார்த்தகடும் வேண்டா. பி.பி.சி.யின் மரப்பெட்டிக்கு ஏற்றது, சூடேறும் கணினிக்கு ஏற்றதாகாது.

இவ்வுண்மையைக் கணினி இல்லாதவர்களும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓர் எவர்சில்வர்த் தம்ளரை நூலில் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டுங்கள். எத்தனை விநாடி ஒலிக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு, அதன் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுள்ள சைக்கிள் டியூப்த் துண்டை நன்றாக ஒட்டித் தட்டுங்கள். ஒலி எவ்வளவு விரைவில் ஓய்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். துண்டின் அளவையும் இடத்தையும் மாற்றி மாற்றிச் செய்து அட்டவணை எழுதுங்கள். அது உங்களுடைய சொந்த ஆராய்ச்சியாகும்.

இம்முறையின் எல்லையையும் கூற வேண்டியது ஆசிரியனின் கடமை. அதிர்வைத் தணிப்பதால் இல்லாத ஒலி வந்துவிடாது. தவிலின் முழக்கத்தையும் தம்புராவின் ஆழத்தையும் தருவதற்குப் பெருமளவு காற்றைத் தள்ள வேண்டும். நகத்தைவிடச் சற்றே பெரிய தகட்டால் அது இயலாது. ஆயினும், பேச்சைக் கேட்பதற்கு அந்தக் குறை பெரிதன்று. பழைய தொலைபேசி விநாடிக்கு 300 முதல் 3400 வரையிலான அதிர்வுகளையே கடத்தியது. ஆண்குரலின் அடிப்படை அதிர்வோ பெரும்பாலும் 100க்கும் 150க்கும் இடையில் உள்ளது. அது தொலைபேசியில் வருவதே இல்லை. வந்து சேர்ந்த மேலொலிகளைக் கொண்டு நம் செவியும் மூளையும் அதனை ஊகித்து நிரப்பிக்கொள்கின்றன. எனவே, சிறு ஒலிபெருக்கியிடம் நாம் கேட்க வேண்டியது ஆழமன்று, கலப்பில்லாத தூய்மை. வருகின்ற சிறிதளவு ஒலி மாசின்றி வந்தால் மீதியைச் செவி பார்த்துக்கொள்ளும்.

மாணவச் செல்வங்களே, கருவி சரியாக ஒலிக்கவில்லை என்றவுடன் அதனை எறிந்துவிட்டுப் புதியதை நாடும் வழக்கம் இன்று பெருகிவருகிறது. புதியதை வாங்கும் வசதி எல்லா வீட்டிலும் இல்லை. வாங்க இயன்றவர்களும் தம் கையிலுள்ள பொருளின் இயல்பை அறியாமலே அதனை இழந்துவிடுகிறார்கள். மிருதங்கத்தைச் செய்தவர்கள் ஒவ்வொரு தோலின் குணத்தையும் செவியால் அறிந்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய பாரத்தைக் கையால் இட்டார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படவில்லை. ஆனால், அவர்களுடைய அறிவைக் கற்றறிந்த இராமன் உலகறிய மதித்து எழுதினார். அந்தப் பொறுமையும் கூர்ந்து கேட்கும் பழக்கமும் உங்களுக்கும் உரியவை. உங்கள் மடிக்கணினி அடுத்த முறை கரகரக்கும்போது, ஒலியைக் கூட்டுவதற்கு முன் அதன்மேல் விரலை வைத்து, எது வேண்டாமல் ஒலிக்கிறது என்று ஆராயுங்கள். விடை பெரும்பாலும் ஒரு திருகாணியிலோ ஓர் இரப்பர்த் துண்டிலோ இருக்கும்.